திரவக் கலவைகளிற் பரவல்: கணிப்பின் வரலாறும் அளவீட்டின் கடனும்

நீர் நிறைந்த பாத்திரமொன்றின் அடியிற் சிறிது சீனியை இட்டு, எவரும் கலக்காது விட்டுவைப்பின், காலப்போக்கில் அச்சீனி பாத்திரம் முழுவதும் பரந்துவிடும். இந்நிகழ்வை மனிதர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆயின் அப்பரவல் எத்துணை விரைவாக நிகழும் என்பதைப் பரிசோதனை செய்யாமலே முன்கூட்டிக் கூற முடியுமா என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே எழுந்தது. அவ்வினாவின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளின் முக்கியத்துவத்தை முதலிற் சில எண்கள் கொண்டு நோக்குவோம். அறை வெப்பநிலையிற் சிறிய மூலக்கூறுகள் நீரிற் பரவும் வேகத்தைக் குறிக்கும் பரவற் குணகம் செக்கனுக்கு ஏறத்தாழ 10⁻⁹ சதுர மீற்றர் ஆகும். (இனி இக்கட்டுரையில் இதனையே அலகாகக் கொள்வோம்.) பரவலுக்கு வேண்டிய காலம் தூரத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலால், குணகம் 1 ஆகவுள்ள ஒரு பொருள் ஒரு மைக்கிரோமீற்றர் தூரம் பரவ ஆயிரத்திலொரு செக்கனின் அரைப்பங்கு போதும், ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 14 மணித்தியாலம் வேண்டும், பத்துச் சென்ரிமீற்றருக்கு 58 நாட்கள் வேண்டும். உயிர்க்கலம் இத்துணைச் சிறிதாயிருப்பதற்கும், பேருயிர்களுக்கு இரத்தச் சுற்றோட்டம் இன்றியமையாததாதற்கும், இரசாயனத் தொழிற்சாலைகளில் திரவங்களை ஓயாது கலக்கவேண்டியிருப்பதற்கும் இவ்வெண்களே அடிப்படையாகும். காய்ச்சி வடிக்கும் கோபுரத்தையோ கரைப்பானாற் பிரித்தெடுக்கும் கலனையோ வடிவமைக்கும் பொறியியலாளர், தாம் கையாளும் ஒவ்வொரு கலவைக்கும் இக்குணகத்தை அறிதல் வேண்டும். கலவைகளோ எண்ணிறந்தவை, அளந்து பெறப்பட்ட குணகங்கள் மிகச் சில. எனவே கணிப்பு ஒரு தேவையாயிற்று.

இவ்வரலாறு பொதுவாகச் சூத்திரங்களின் வரலாறாகவே பாடநூல்களிற் கூறப்படுகின்றது: பிக், ஐன்ஸ்ரைன், வில்க், வீஞ் எனப் பெயர்கள் நிரையாக வரும். இந்நிரையில் அளவீடு செய்தோர் அடிக்குறிப்பாகிவிடுகின்றனர். ஆனால் ஒவ்வொரு கணிப்பும் தனக்கு முந்திய அளவீட்டிலிருந்தே தன் உயிரைப் பெற்றது என்பதும், அவ்வடித்தளம் மறக்கப்பட்ட போதெல்லாம் கணிப்பு வழிதவறியது என்பதும் நாம் இங்கு நிறுவ முயலும் கருத்தாகும்.

1. கிரகாமின் சாடிகள்

திரவங்களிற் பரவலை முதன்முதலில் முறையாக அளந்தவர் கிளாஸ்கோவிற் பிறந்த இரசாயனவியலாளர் தோமஸ் கிரகாம் (1805–1869) ஆவார். வாயுக்களின் பரவல் பற்றிய விதியால் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த காலத்தில், 1849 இல் அரச கழகத்தில் நிகழ்த்திய பேக்கர் நினைவுரையில் திரவங்களின் பரவல் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அவர் கையாண்ட முறை மிக எளியது. உப்புக் கரைசல் நிரப்பிய சிறு குப்பியொன்றை நீர் நிறைந்த பெரிய சாடியினுள் வைத்து, பல நாட்கள் அசையாது விட்டு, பின்னர் வெளி நீரை ஆவியாக்கி, அதில் எஞ்சிய உப்பை நிறுத்தார். வெளியேறிய உப்பின் அளவு கரைசலின் செறிவுக்கு ஏறத்தாழ விகிதசமமானது என்பதையும், வெப்பநிலையோடு அது அதிகரிக்கும் என்பதையும், பொருளுக்குப் பொருள் அது வேறுபடும் என்பதையும் இவ்வாறு கண்டார்.

1861 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உப்பு, சீனி போன்று விரைவிற் பரவும் பொருள்களையும், பிசின், அல்புமின் போன்று மிக மெதுவாகப் பரவும் பொருள்களையும் வேறுபடுத்திப் பின்னவற்றைக் கூழ்ப்பொருள்கள் என வகுத்தார். மென்சவ்வொன்றினூடாக இவ்விரு வகையையும் பிரிக்கும் முறையும் அவருடையதே. உணவிலோ உடற்பாய்பொருளிலோ கலந்த ஆசனிக்கு நஞ்சைப் பிரித்தறிய அதனைப் பயன்படுத்தலாம் என அவர் எடுத்துக்காட்டினார். இன்று சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தைத் தூய்மையாக்கும் சிகிச்சைக்கும் இவ்வேறுபாடே அடிப்படை.

விஞ்ஞானம் சமூகத்தின் உற்பத்தி வாழ்விலிருந்து விலகி நின்று வளர்வதில்லை. கிரகாமின் இரண்டாவது ஆய்வு வெளியான மூன்று ஆண்டுகளில், 1864 இல், மொறாவியாவின் சீனி ஆலையொன்றில் யூலியஸ் றொபேட் என்பவர், பீற் கிழங்கைப் பிழிவதற்குப் பதிலாக அதன் துண்டுகளிலிருந்து சீனியை வெந்நீரிற் பரவச் செய்து பெறும் முறையை நடைமுறைப்படுத்தினார். ஆய்வுகூடத்தின் சாடியும் ஆலையின் கலனும் ஒரே காலத்தின் குழந்தைகள்.

2. பிக் தந்த விதி

கிரகாம் எண்களைத் தந்தாரேயன்றி, அவற்றை இணைக்கும் பொது விதியைத் தரவில்லை. அவ்விதியைத் தந்தவர் இரசாயனவியலாளரோ பௌதிகவியலாளரோ அல்லர். சூரிச்சில் உடற்கூற்றியல் உதவியாளராகப் பணியாற்றிய 25 வயது நிரம்பிய உடற்றொழிலியலாளர் அடோல்ப் பிக் (1829–1901) ஆவார். உயிருடலின் மென்சவ்வுகளினூடாகப் பொருள்கள் செல்வதை விளங்கிக்கொள்ள விரும்பிய அவர், முதலிற் சவ்வற்ற எளிய பரவலின் விதியை அறிதல் வேண்டும் எனக் கருதினார். 1855 இல் வெளிவந்த 'பரவல் பற்றி' என்னும் அவரது கட்டுரை, வெப்பக் கடத்தலுக்குப் பூரியே 1822 இலும் மின்னோட்டத்துக்கு ஓம் 1827 இலும் வகுத்த விதிகளைப் பரவலுக்கும் ஏற்றது: ஒரு தளத்தினூடாகச் செல்லும் பொருளின் பாயம் அவ்விடத்துச் செறிவுப் படித்திறனுக்கு விகிதசமமானது. அவ்விகிதசம மாறிலியே பரவற் குணகம்.

பிக் ஒப்புமையோடு நின்றுவிடவில்லை. அடியில் உப்புப் பளிங்குகளும் மேலே தூய நீரும் அமையுமாறு குழாய்களை நிறுத்தி, உறுதிநிலை எய்தியபின் குழாயின் நெடுகிலும் செறிவு சீராகக் குறைவதையும், குழாய் நீள நீளப் பாயம் குறைவதையும் காட்டினார்.

இவ்விதியின் இயல்பை நாம் சரியாக மதிப்பிடல் வேண்டும். அது பரவற் குணகத்தை வரையறுத்தது; ஆனால் அதன் பெறுமானம் என்ன என்பதைச் சொல்லவில்லை. சீனிக்கு ஏன் ஓர் எண்ணும் உப்புக்கு ஏன் வேறோர் எண்ணும் என்னும் வினாவுக்கு பிக்கின் விதியில் விடையில்லை. ஆயினும் அளவீட்டுக்கு அது ஒரு மொழியைத் தந்தது. குப்பியின் வடிவம், காத்திருந்த நாட்கள் முதலியவற்றைச் சார்ந்திருந்த கிரகாமின் எண்களை, அவற்றைச் சாராத குணகங்களாக மாற்றும் பணியை வியன்னாவின் பௌதிகவியலாளர் ஸ்ரெபான் பின்னர் மேற்கொண்டார். இம்மாற்றம் எத்துணைப் பயன் தந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. நேர்ன்ஸ்ற்: முதலாவது கணிப்பு

பரவற் குணகத்தை அளக்காமலே பெறமுடியும் என்பதை முதன்முதலில் மெய்ப்பித்தவர் வால்தர் நேர்ன்ஸ்ற் ஆவார். 1887 இல் வான்ற் கொவ், கரைந்த பொருளின் பிரசாரண அமுக்கம் வாயு விதியைப் பின்பற்றுவதைக் காட்டினார். மறு ஆண்டில் நேர்ன்ஸ்ற், பிரசாரண அமுக்கத்தின் படித்திறனே பரவலை இயக்கும் விசை என்றும், திரவத்தின் உராய்வே அதற்குத் தடை என்றும் கொண்டார். மின்பகுபொருள்களைப் பொறுத்தவரை அவ்வுராய்வு ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. ஏனெனில் கோல்றோஷ் பல ஆண்டுகளாகக் கரைசல்களின் கடத்துதிறனை அளந்து, ஒவ்வோர் அயனும் தனக்குரிய வேகத்தில் நகர்வதை நிறுவியிருந்தார்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு நுட்பமானது. ஐதரோகுளோரிக் கமிலத்தில் ஐதரசன் அயன் மிக விரைந்து செல்லக்கூடியது. குளோரைட்டு அயன் மெதுவானது. முன்னது முந்திச் செல்ல முயல, அவற்றிடையே தோன்றும் மின்விசை முன்னதைப் பின்னிழுத்துப் பின்னதை முன்தள்ளுகின்றது. இரண்டும் ஒரே வேகத்திற் செல்லவேண்டியவையாகின்றன. 25 பாகையில் ஐதரசன் அயனின் குணகம் 9.31, குளோரைட்டினது 2.03, இரண்டும் சேர்ந்து பரவும் குணகம் 3.33. சோடியம் அயனின் 1.33 உம் குளோரைட்டின் 2.03 உம் சேர்ந்து உப்புக்கு 1.61 ஐத் தருகின்றன. மிக ஐதான கரைசல்களில் அளவீடு இவற்றை உறுதிப்படுத்துகின்றது.

இக்கணிப்பில் இட்டுக்கட்டிய மாறிலி எதுவுமில்லை. ஆயினும் ஓர் அளவீட்டிலிருந்து மற்றோர் அளவீட்டை அடையும் வழியே இதுவென்பது மனங்கொள்ளத்தக்கது. கோல்றோஷின் கடத்துதிறன் அட்டவணைகள் இல்லையேல் நேர்ன்ஸ்ற்றின் சமன்பாட்டில் இடுவதற்கு எண்கள் இல்லை. மின்னேற்றமற்ற சீனி போன்ற பொருள்களுக்கு இவ்வழி அடைபட்டே கிடந்தது.

4. சதலண்டும் ஐன்ஸ்ரைனும்

அவ்வடைப்பை உடைத்தவர்கள் இருவர். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். வில்லியம் சதலண்ட் (1859–1911) ஸ்கொத்லாந்திற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். நிரந்தரப் பல்கலைக்கழகப் பதவி எதுவுமின்றி மெல்போணில் வாழ்ந்து கொள்கைப் பௌதிகத்தில் ஈடுபட்டவர். கரைந்த மூலக்கூறை ஒரு சிறு கோளமாகக் கொண்டால், பிசுக்குமை கொண்ட திரவத்தினூடாக அது நகரும்போது எதிர்ப்படும் தடையை 1851 இல் ஸ்ரோக்ஸ் தந்த விதி கொண்டு கணிக்கலாம் என்பது அவரது கருத்து. நேர்ன்ஸ்ற்றின் இயக்கு விசையையும் ஸ்ரோக்ஸின் தடையையும் இணைத்துப் பெறப்படும் முடிவு: பரவற் குணகம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதசமமானது, திரவத்தின் பிசுக்குமைக்கும் மூலக்கூற்றின் ஆரைக்கும் நேர்மாறு விகிதசமமானது. இதனை அவர் 1904 ஜனவரியில் நியூசிலாந்தின் டனீடின் நகரில் நடைபெற்ற மாநாட்டிற் சமர்ப்பித்தார். 1905 ஜூனில் 'பிலோசொபிக்கல் மகசீன்' அதனை வெளியிட்டது.

அதே 1905 இல், பேர்ண் நகரின் காப்புரிமை அலுவலகத்திற் பணியாற்றிய அல்பேட் ஐன்ஸ்ரைன், ஏப்பிரல் 30 ஆந் திகதியிட்ட தம் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் அதே உறவை நிறுவினார். உலகம் அதனை ஸ்ரோக்ஸ்–ஐன்ஸ்ரைன் சமன்பாடு என்றே அழைத்துவருகின்றது. ஐன்ஸ்ரைனின் வரலாற்றை எழுதிய ஆபிரகாம் பைஸ் 1982 இல் சதலண்டின் பெயரும் அதிற் சேர்தல் தகும் என எழுதினார். விஞ்ஞான மையங்களிலிருந்து தூரத்தில், நிறுவனத் துணையின்றிப் பணியாற்றியவரின் பெயர் எவ்வாறு மங்கிப்போகின்றது என்பதற்கு இது ஓர் உதாரணம். திரவம் கோளத்தின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்லவும் கூடும் என்பதையும் சதலண்ட் தம் சமன்பாட்டிற் சேர்த்திருந்தார். முழுமையாக வழுக்கின், தடையின் எண்காரணி ஆறிலிருந்து நான்காகக் குறையும். நீர் மூலக்கூறுகள் நீரிலேயே பரவும் குணகம் 25 பாகையில் 2.3. காரணியை ஆறு எனக் கொண்டால் இதிலிருந்து பெறப்படும் ஆரை 1.07 அங்ஸ்ரம், நான்கு எனக் கொண்டால் 1.6. அயல் மூலக்கூறுகளின் இடைத்தூரத்தில் அரைப்பங்கோ 1.4 ஆகும். பெருங்கோளத்துக்குரிய விதி மூலக்கூற்றளவில் ஏறத்தாழவே பொருந்தும் என்பதும், வழுக்கல் பற்றிய சதலண்டின் ஐயம் வீணன்று என்பதும் இதனாற் புலனாகும்.

ஐன்ஸ்ரைனின் ஆய்வேட்டின் நோக்கம் பரவலைக் கணித்தல் அன்று. மூலக்கூறுகளின் பருமனையும் அவகாதரோ எண்ணையும் அறிதலே. சீனி கரைந்த நீரின் பிசுக்குமை எவ்வளவு உயர்கின்றது, சீனி எவ்வளவு விரைவிற் பரவுகின்றது என்னும் இரு தரவுகளிலிருந்து இவ்விரு தெரியாக் கணியங்களையும் பெறலாம் என்பது அவரது முறை. சீனியின் பரவற் குணகத்தை அவர் எங்கிருந்து பெற்றார்? கிரகாம் அளந்து, ஸ்ரெபான் கணித்த பெறுமானத்தை எடுத்தாள்வதாக அவ்வேட்டிலேயே குறிப்பிடுகின்றார்: 9.5 பாகையில், நாளொன்றுக்கு 0.384 சதுர சென்ரிமீற்றர். இருபதாம் நூற்றாண்டின் பௌதிகத்தைத் தொடக்கிவைத்த ஆண்டின் ஆய்வேடொன்று, அரை நூற்றாண்டுக்கு முன் அசையாது வைக்கப்பட்ட கிரகாமின் சாடிகளில் தங்கியிருந்தது.

ஆய்வேடு தந்த அவகாதரோ எண் 2.1 × 10²³. இன்று நாமறிந்த 6.02 × 10²³ இல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. ஆய்வேடு 1906 இல் அச்சேறியபோது புதிய தரவுகளைக் கொண்டு அதனை 4.15 ஆகத் திருத்தினார். எனினும் வேறுபாடு தீரவில்லை. பாரிசில் பெரினின் ஆய்வுகூடத்தில் பான்ஸ்லன் என்பவர், நுண்துகள்கள் கலந்த திரவத்தின் பிசுக்குமை உயர்வை அளந்து, அது ஐன்ஸ்ரைனின் கணிப்பிலும் மிக அதிகமென அறிவித்தார். ஐன்ஸ்ரைனின் வேண்டுகோளின்படி கணக்கை மீளாய்வு செய்த லூட்விக் கொப் அதில் ஒரு வழுவைக் கண்டுபிடித்தார்: பிசுக்குமை உயர்வின் காரணி 1 அன்று, 2.5 ஆகும். 1911 இல் வெளியான திருத்தத்தின்பின் எண் 6.56 ஆயிற்று. ஐந்தாண்டுகளாக அச்சில் இருந்த கணித வழுவை வெளிக்கொணர்ந்தது மற்றொரு கணிதமன்று, ஓர் அளவீடே. அளவீடு கணிப்பின் மூலப்பொருள் மட்டுமன்றி அதன் நீதிபதியும் ஆகும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5. பொறியியலாளரின் சூத்திரங்கள்

இரு உலகப் போர்களின் இடைக்காலத்திலும் அதன் பின்னரும் பெற்றோலிய, இரசாயனத் தொழில்கள் பெருவளர்ச்சி கண்டன. கலங்களின் வடிவமைப்புக்கு உடனடியாக எண்கள் வேண்டியிருந்தன. 1936 இல் ஐரிங், திரவத்தின் மூலக்கூறு அயலிலுள்ள வெற்றிடத்துக்குத் தாவுவதை ஓர் இரசாயனத் தாக்கம்போற் கருதி, பரவலுக்கும் பிசுக்குமைக்கும் ஒரு கொள்கையை வகுத்தார். விளக்கத்தில் அது வளமானதாயினும், அதிலிருந்து நம்பத்தக்க எண்களைப் பெறுதல் எளிதாயிருக்கவில்லை.

நடைமுறையில் வென்றது வேறொரு வழி. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் வில்க்கும் சாங்கும் 1955 இல் வெளியிட்ட சூத்திரம், ஸ்ரோக்ஸ்–ஐன்ஸ்ரைன் சமன்பாட்டின் உருவை ஏற்று, வெப்பநிலையையும் பிசுக்குமையையும் அவ்வாறே வைத்துக்கொண்டு, ஆரையின் இடத்திற் கொதிநிலையிலுள்ள கரையத்தின் மூலர்க் கனவளவை 0.6 ஆம் அடுக்கில் இட்டு, கரைப்பானின் மூலக்கூற்று நிறையின் வர்க்கமூலத்தையும் சேர்த்தது. கரைப்பானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைவதைக் குறிக்க ஓர் இணைவுக் காரணியும் வேண்டியிருந்தது: நீருக்கு 2.6, மெதனோலுக்கு 1.9, எதனோலுக்கு 1.5, பிணைவற்றவற்றுக்கு 1. இவ்வெண்கள் கொள்கையிலிருந்து பிறந்தவையல்ல. அளந்த தரவுகளுக்குப் பொருந்துமாறு தெரிந்தெடுக்கப்பட்டவை. சராசரி வழு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து எனக் கூறப்பட்டது.

நாம் ஓர் உதாரணத்தைக் கணித்துப் பார்க்கலாம். 25 பாகையில் நீரில் மிக ஐதாகக் கரைந்த எதனோலுக்குச் சூத்திரம் தரும் பெறுமானம் 1.46, அளந்த பெறுமானம் 1.24. வழு நூற்றுக்குப் பதினெட்டு. 1974 இல் ஹேடுக், லோடி ஆகியோர் அக்காலம்வரை சேர்ந்த அளவீடுகளை ஆராய்ந்து, நீரின் காரணி 2.26 ஆதல் வேண்டுமெனப் பரிந்துரைத்தனர். அதனை ஏற்றால் கணிப்பு 1.37 ஆகின்றது, வழு நூற்றுக்குப் பத்தாகக் குறைகின்றது. கொள்கையில் எதுவும் மாறவில்லை. கிடைத்த அளவீடுகளின் தொகை மாறியது, எனவே சூத்திரமும் மாறியது.

இச்சூத்திரத்தை இகழ்வது எமது நோக்கமன்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் மாணவரும் பொறியியலாளரும் இதனாற் பயன்பெற்றுள்ளனர். ஆனால் அது ஒரு சராசரி. சேகரிக்கப்பட்ட அனுபவத்தின் சுருக்கம். அதன் பிறப்பை அறியாது, அதனை இயற்கை விதியெனக் கொண்டு, அது சோதிக்கப்படாத பொருள்களுக்கும் பயன்படுத்துவதே தவறு.

6. கலவையின் சிக்கல்

இதுவரை கூறியன யாவும் ஒரு பொருள் மற்றொன்றில் மிக ஐதாகக் கரைந்திருக்கும் நிலைக்கே உரியன. இரண்டும் ஒப்பத்தக்க அளவிற் கலந்திருப்பின் நிலைமை வேறாகின்றது. எதனோலும் நீரும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 25 பாகையில், நீர் மிகுந்த முனையிலும் எதனோல் மிகுந்த முனையிலும் குணகம் ஏறத்தாழ 1.2 ஆகும். இடையிலும் அதே பெறுமானத்தையே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் எதனோலின் மூல் பின்னம் 0.3 அளவாகும்போது அளவீடு தருவது ஏறத்தாழ 0.4 மட்டுமே, முனைகளின் மூன்றிலொரு பங்கு.

இதனை விளக்கும் கருத்து திரவங்களிலிருந்தன்றி உலோகங்களிலிருந்து வந்தது. 1948 இல் அமெரிக்க உருக்குத் தொழில் ஆய்வுகூடமொன்றிற் பணியாற்றிய டாக்கன், கலப்புலோகங்களிற் பரவலை ஆராய்ந்து, அணுக்களை இயக்குவது செறிவின் படித்திறனன்று, இரசாயன அழுத்தம் எனப்படும் வெப்பவியக்கவியற் கணியத்தின் படித்திறனே எனக் காட்டினார். மறு ஆண்டில் ஹார்ட்லியும் கிராங்கும் திரவக் கலவைகளை இவ்வகையில் ஆராய்ந்தனர். இரு பொருள்களும் ஒன்றையொன்று விரும்பாது தத்தம் இனத்தோடு கூட முற்படும் கலவையிற் செறிவு வேறுபட்டாலும் இரசாயன அழுத்தம் அவ்வளவாக வேறுபடுவதில்லை. எனவே பரவல் மந்தமாகின்றது. எதனோல்–நீர்க் கலவையின் வீழ்ச்சியில் இவ்வெப்பவியக்கவியற் காரணிக்குப் பெரும் பங்குண்டு. மெதனோலும் எட்சேனும் போன்று ஒரு குறித்த வெப்பநிலைக்குக் கீழ் இரு படைகளாகப் பிரியும் கலவையில், அவதிப் புள்ளியை அணுகும்போது குணகம் பூச்சியத்தை நோக்கிச் செல்கின்றது.

1966 இல் பிரான்சின் அலன் வீஞ் முன்வைத்த விதி இக்காரணியைத் தனியே பிரித்தெடுத்தபின் எஞ்சுவதைப் பற்றியது: அவ்வெச்சத்தின் மடக்கை மூல் பின்னத்தோடு நேர்கோட்டில் மாறும், அதாவது இரு முனைப் பெறுமானங்களின் பெருக்கலிடையாக அமையும். பல கலவைகளுக்கு இது வியத்தகு முறையிற் பொருந்தியது. வலுவாகப் பிணையும் கலவைகளுக்கு அவ்வாறு பொருந்தவில்லை. இவ்விதியைப் பயன்படுத்த மூன்று செய்திகள் வேண்டும்: இரு முனைக் குணகங்களும் வெப்பவியக்கவியற் காரணியும். முன்னவை அளவீட்டிலிருந்தோ வில்க்–சாங் போன்ற சூத்திரத்திலிருந்தோ வரவேண்டும். பின்னது ஆவியமுக்க அளவீடுகளிலிருந்து வரவேண்டும். கணிப்பின் நிலை உயர உயர அதன் கீழே வேண்டப்படும் அளவீடுகளின் தொகையும் உயர்கின்றது.

மூன்று பொருள்கள் கலந்தால் மேலும் ஒரு புதுமை தோன்றுகின்றது. ஒன்சாகர் 1931 இல் வகுத்த பொதுக் கொள்கையும் (இதற்கே அவர் 1968 இல் நோபெல் பரிசு பெற்றார்), திரவப் பரவல் பற்றி அவர் 1945 இல் எழுதியதும், ஒரு பொருளின் படித்திறன் மற்றொரு பொருளையும் இயக்கும் என்பதைக் காட்டின. ஒரு பொருளின் செறிவு எங்கும் சமமாயிருந்தும் அது நகரக்கூடும். 1955 இல் டன்லொப்பும் கோஸ்ரிங்கும் இத்தகைய குறுக்குக் குணகங்களை நுண்ணிய ஒளித் தலையீட்டு முறையால் அளந்து மெய்ப்பித்தனர். இரு பொருட் கலவைக்கு ஒரு குணகம் போதும், மூன்றுக்கு நான்கு வேண்டும், நான்குக்கு ஒன்பது. தொழிற்சாலையின் கலவைகள் பெரும்பாலும் இத்தகையவை. எனவே இங்கு அளவீடுகள் மிக அரியன; கணிப்புகளும் அதனாலேயே வலுவற்றன.

7. கணினியின் வருகை

1964 இல் அமெரிக்காவின் ஆகொன் தேசிய ஆய்வுகூடத்தில் அனீசுர் ரஹ்மான் ஒரு புதிய வாயிலைத் திறந்தார். ஹைதராபாத்திற் பிறந்த அவர், 864 ஆகன் அணுக்களின் இயக்கத்தை நியூற்றனின் விதிப்படி கணினியிற் படிப்படியாகப் பின்தொடர்ந்து, 94.4 பாகை கெல்வினில் திரவ ஆகனின் பரவற் குணகத்தை 2.43 எனப் பெற்றார். அளந்த பெறுமானத்துக்கு அது நெருங்கியதாயிருந்தது. கோளம், பிசுக்குமை, தாவல் என்னும் உருவகங்கள் எவையும் இங்கில்லை. அணுக்களிடையேயான விசை மட்டும் தரப்பட்டது. அவ்விசையின் எண்களோ ஆகன் பற்றிய பரிசோதனைகளிலிருந்து வந்தவை.

கணினி பழைய கொள்கையைக் கைவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 1970 இல் ஆல்டரும் வெயின்ரைட்டும், நகரும் மூலக்கூறு தன்னைச் சூழ்ந்த திரவத்தில் ஒரு சுழியை உண்டாக்க, அச்சுழி அதனை மேலும் முன்தள்ளுவதைக் கண்டனர். தொடர்ச்சியான திரவம் என்னும் ஸ்ரோக்ஸின் கருத்து மூலக்கூற்றளவிலும் நிழலாடுகின்றது. 2004 இல் யேயும் ஹும்மரும், கணினியின் சிறு பெட்டியுள் அடைக்கப்பட்ட மூலக்கூறுகளின் பரவற் குணகம் மெய்யான பெறுமானத்திலும் குறைவாயமையும் என்பதைக் காட்டி, பெட்டியின் நீளத்தையும் திரவத்தின் பிசுக்குமையையும் கொண்டு அதனைத் திருத்தும் வழியைத் தந்தனர். அத்திருத்தத்தின் உரு 1904 ஆம் ஆண்டு டனீடினில் வாசிக்கப்பட்ட சமன்பாட்டை நினைவூட்டுவது.

அண்மைக் காலத்தில் இயந்திரக் கற்றல் இத்துறையிற் புகுந்துள்ளது. 2022 இல் ஜேர்மனியின் கைசர்ஸ்லவுட்டேர்ன் ஆய்வாளர், 25 பாகையில் ஐதான கரைசல்களுக்கு உலக இலக்கியத்திற் கிடைத்த குணகங்களைத் தொகுத்து, கரையங்கள் நிரைகளாகவும் கரைப்பான்கள் நிரல்களாகவும் அமைந்த ஓர் அட்டவணையில் இட்டனர். அதன் கட்டங்களிற் பெரும்பாலானவை வெறுமையாயிருந்தன. அவற்றை நிரப்புமாறு கணினிக்குக் கற்பித்தபோது, தரவுகளை மட்டும் நம்பிய முறையிலும், ஸ்ரோக்ஸ்–ஐன்ஸ்ரைன் வழிவந்த பழைய சூத்திரமொன்றைத் தரவுகளோடு இணைத்த முறையே சிறந்த பயனைத் தந்தது. நூற்றெழுபது ஆண்டுக்கால ஆய்வின் பின்னும் அட்டவணையின் பெரும்பகுதி வெறுமையாயிருந்தது என்பதே அம்முயற்சி தரும் செய்திகளுள் எம்மை அதிகம் சிந்திக்கத் தூண்டுவது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, நேர்ன்ஸ்ற் கோல்றோஷுக்கும், ஐன்ஸ்ரைன் கிரகாமுக்கும் ஸ்ரெபானுக்கும், வில்க்கும் சாங்கும் தமக்கு முந்திய ஆய்வாளர் பலருக்கும், இன்றைய கணினி இவர்கள் அனைவருக்கும் கடன்பட்டுள்ளமை. இரண்டாவது, ஒவ்வொரு சூத்திரத்துக்கும் அது பிறந்த எல்லை உண்டு; அவ்வெல்லையைக் காட்டியது எப்போதும் புதிய அளவீடே. மூன்றாவது, எவ்வளவீடுகள் செய்யப்பட்டன, எவை செய்யப்படவில்லை என்பதைத் தீர்மானித்ததில் இயற்கையைப் போலவே சமூகத் தேவைக்கும் பங்குண்டு. பெற்றோலியத்துக்கும் உருக்குக்கும் இலாபம் தரும் கரைப்பான்களுக்கும் தரவுகள் உள்ளன. அத்தகைய ஆதரவு பெறாத பொருள்களின் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

வெறுமையான கட்டத்தைக் கணினி நிரப்பித் தரும்போது, இனி அளக்கவேண்டியதில்லை என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அளவீடு மெதுவானது; புகழ் தராதது. எனவே பல்கலைக்கழகங்களும் நிதி வழங்குவோரும் அதனைக் கைவிடும் ஆபத்து உண்டு. தொகுக்கப்பட்ட தரவுகளும் எல்லோருக்கும் உரியனவாக இல்லை. 1973 இல் பல்கலைக்கழக ஆய்வாகத் தொடங்கிய டோர்ட்மண்ட் தரவு வங்கி பின்னர் வணிக நிறுவனமொன்றினால் நடத்தப்படலாயிற்று. பொது நிதியில் அளக்கப்பட்டவற்றை ஏழை நாடுகளின் ஆய்வாளர் விலைகொடுத்துப் பெறவேண்டியிருப்பது சிந்திக்கத்தக்கது.

ஆயினும் இத்துறையின் வாயில் எவருக்கும் முற்றாக அடைபட்டதன்று. 1928 இல் நோத்ரப்பும் அன்சனும் அமைத்த நுண்துளைத் தடுப்புக் கலம் சிறு ஆய்வுகூடங்களிலும் அமைக்கத்தக்கது. 1953 இல் ஜி. ஐ. ரெய்லர் காட்டிய வழியில், நீண்ட ஒடுங்கிய குழாயொன்றினூடாக மெதுவாக ஓடும் திரவத்திற் சிறிதளவு கரைசலைச் செலுத்தி, மறுமுனையில் அது எவ்வளவு விரிந்து வெளிவருகின்றது என்பதை நோக்கியே குணகத்தைப் பெறலாம். விலையுயர்ந்த பேரியந்திரங்களைவிடப் பொறுமையும் நுணுக்கமும் மாறா வெப்பநிலையுமே இவற்றுக்கு முதன்மையாக வேண்டுவன. கணிப்பு வளர்ந்துள்ள இக்காலத்தில் அளவீட்டின் தேவை குறையவில்லை. எந்தக் கட்டத்தை அளந்தால் மிகுந்த பயன் கிட்டும் என்பதைக் கணிப்பே இன்று சுட்டிக்காட்ட வல்லது. அவ்வாறு இரண்டும் ஒன்றையொன்று துணைக்கொள்ளும் இடத்திலேயே இத்துறையின் அடுத்த கட்ட வளர்ச்சி அமையும் என நாம் கருதுகின்றோம்.